கேம் ஓடுமா? – லினக்ஸ் விளையாட்டின் முப்பது வருஷக் கணக்கு

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ போட்டுக்கொண்டு உட்காரவும். கணினி விளையாட்டே பிடிக்காதவர்களும் கடைசி இரண்டு பகுதிகளையாவது படித்துவிடுங்கள். அது காசு சம்பந்தப்பட்ட விஷயம் :-)

லினக்ஸைப் பற்றி யாரிடம் எவ்வளவு பேசினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். வைரஸ் வராது என்போம், தலையாட்டுவார்கள். காசு கிடையாது என்போம், சந்தோஷப்படுவார்கள். பழைய மெஷினிலும் ஓடும் என்போம், ஆச்சரியப்படுவார்கள். அப்புறம் வரும் அந்தக் கேள்வி: "அதெல்லாம் சரி சார், கேம் ஓடுமா?" நம் பக்கத்தில் அதற்குப் பல வருஷம் ஒரு மழுப்பல் சிரிப்புதான் பதில்.

புனே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆபீஸில் நான் பிடுங்கும் ஆணியெல்லாம் லினக்ஸ் சர்வரில்தான். என்னைப் போல் பொட்டி தட்டுகிற பாதிப் பேருக்கு அதுதான் சோறு போடுகிறது. ஆனால் அதே ஆட்கள் வீட்டுக்குப் போனால் விண்டோஸ். லேமிங்டன் ரோட்டிலோ நேரு பிளேஸிலோ எஸ்.பி. ரோட்டிலோ ரிச்சி தெருவிலோ அசெம்பிள் செய்து வாங்கிய பெட்டி, அதில் கடைக்காரரே 'அன்பாக' ஏற்றிக் கொடுத்த விண்டோஸ். ஏன் என்றால், "பையன் கேம் ஆடுவான்." நன்றாக ஓடுகிற ஒரு இயங்குதளம் வீட்டு வாசலிலேயே நின்றுபோனதற்கு இந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது.

அந்தக் கதவு எப்படி மூடியது, எப்படித் திறந்தது, திறந்த பிறகு இப்போது யார் குறுக்கே கட்டையைப் போடுகிறார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

டூம் காலம்

முதலில் ஒரு விஷயம். லினக்ஸில் விளையாட்டு வராததற்குத் தொழில்நுட்பம் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டது 1991-ல். ஐடி சாஃப்ட்வேரின் 'டூம்' வந்தது 1993 டிசம்பரில். அடுத்த வருஷமே, 1994-ல், அந்தக் கம்பெனியின் டேவ் டெய்லர் அதை லினக்ஸில் ஓட வைத்துவிட்டார். முதலாளி சொன்னதற்காகவோ சந்தை இருந்ததற்காகவோ இல்லை. அவருக்கு லினக்ஸ் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இந்தச் சின்ன வேலைக்கு ஒரு பெரிய பலன் இருந்தது. 1997 டிசம்பரில் ஜான் கார்மாக் டூமின் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டபோது, வெளியானது டாஸ் பதிப்பு இல்லை, லினக்ஸ் பதிப்பு. டாஸ் பதிப்பில் ஒலிக்காகப் பயன்படுத்திய நிரல் வேறொருவருக்குச் சொந்தம், அதைச் சேர்த்துக் கொடுக்க உரிமை கிடையாது. லினக்ஸ் பதிப்பில் அந்தச் சிக்கல் இல்லை. 1999-ல் அதே நிரல் ஜி.பி.எல். உரிமத்துக்கும் மாறியது. இன்றைக்குக் கால்குலேட்டரில் டூம், பிரிண்டரில் டூம் என்று வேடிக்கை காட்டுகிறார்களே, அதற்கெல்லாம் விதை அங்கேதான்.

'க்வேக்' 1999-லும், 'க்வேக் 2' 2001-லும், 'க்வேக் 3' 2005-லும் இதே வழியில் ஜி.பி.எல்.லுக்கு வந்தன. படங்கள், வரைபடங்கள், ஒலிகள் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம், அதற்குக் காசு கொடுக்க வேண்டும். எஞ்சின் மட்டும் ஊருக்குப் பொது. விற்று லாபம் பார்த்த பிறகு கதவைத் திறந்து வைக்கிற இந்தப் பழக்கம், பின்னாளில் இந்தத் தொழிலில் அரிதாகிப் போனது.

லோக்கி: நாலு வருஷ வாழ்வு

1998-ல் ஸ்காட் டிரேகர் என்ற வக்கீல் அமெரிக்காவில் லோக்கி சாஃப்ட்வேர் என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஐடியா எளிமையானது. விண்டோஸில் ஏற்கெனவே பேர் வாங்கிய விளையாட்டுகளை உரிமம் பெற்று லினக்ஸுக்கு மாற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு விற்பது. 1999-ல் 'சிவிலைசேஷன்: கால் டு பவர்' முதலில் வந்தது. அப்புறம் 'ரெயில்ரோட் டைக்கூன் 2', 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3', 'சிம்சிட்டி 3000', 'ஆல்ஃபா சென்டாரி' என்று வரிசையாக வந்தன. வேலை சுத்தமாக இருந்தது என்று அன்றைக்கு ஆடியவர்கள் சொல்வார்கள்.

வியாபாரம்தான் சுத்தமாகப் படுத்துவிட்டது. விண்டோஸ் பதிப்பு வந்து மாதங்கள் கழித்துத்தான் லினக்ஸ் பதிப்பு வரும். அதற்குள் ஆட நினைத்தவர்கள் விண்டோஸிலேயே ஆடி முடித்திருப்பார்கள். விண்டோஸ் பெட்டியின் விலையும் இறங்கியிருக்கும், லினக்ஸ் பெட்டி மட்டும் முழு விலையில் நிற்கும். லினக்ஸ் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோரிடம் அதே மெஷினில் விண்டோஸும் இருந்தது. 2001 ஆகஸ்டில் லோக்கி திவால் பாதுகாப்பு கேட்டது. 2002 ஜனவரி கடைசியில் கடையை மூடியது.

கடை மூடினாலும் அங்கே இருந்தவர்கள் விட்டுப்போன கருவிகள் சாகவில்லை. சாம் லான்டிங்கா 1998-ல் எழுதத் தொடங்கிய எஸ்.டி.எல். என்ற நிரல் தொகுப்பு லோக்கியில் வளர்ந்தது. திரை, விசைப்பலகை, ஜாய்ஸ்டிக், ஒலி எல்லாவற்றையும் எந்த இயங்குதளத்திலும் ஒரே மாதிரி கையாளும் வேலையை அது செய்கிறது. இன்று எண்ணற்ற விளையாட்டுகளுக்கு உள்ளே அதுதான் இருக்கிறது. முப்பரிமாண ஒலிக்கான ஓப்பன்ஏ.எல். தொடங்கியதும் லோக்கியில்தான். ஒரு கம்பெனி நஷ்டத்தில் செத்து, அதன் கருவிகள் முழுத் தொழிலையும் தாங்குகின்றன. கட்டிய வீடு போய், வெட்டிய கிணறு ஊருக்கு மிஞ்சிய மாதிரி.

மொழிச் சிக்கல்

இந்த இடத்தில் ஒரு சின்னப் பாடம். விளையாட்டு நிரல் நேரடியாக கிராஃபிக்ஸ் கார்டுடன் பேசாது, நடுவில் ஒரு மொழி வேண்டும். 1992-ல் சிலிகான் கிராஃபிக்ஸ் கம்பெனி கொண்டுவந்த ஓப்பன்ஜி.எல். எல்லா இயங்குதளத்திலும் பேசக்கூடிய மொழி. 1995-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த டைரக்ட்எக்ஸ் விண்டோஸில் மட்டும் பேசும் மொழி. கார்மாக் 1996-லேயே ஓப்பன்ஜி.எல். பக்கம் வெளிப்படையாக நின்றார். க்வேக் ஓட வேண்டும் என்பதற்காகவே கார்டு தயாரிப்பாளர்கள் ஓப்பன்ஜி.எல்.லைக் கவனித்த காலம் அது.

ஆனால் மைக்ரோசாஃப்ட் வருஷா வருஷம் டைரக்ட்எக்ஸை வளர்த்தது. கருவிகள், ஆவணங்கள், பயிற்சி என்று எல்லாம் கொடுத்தது. எதிர்ப்பக்கம் கமிட்டி போட்டுக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். நல்ல கருவி எங்கே இருக்கிறதோ நிரலாளன் அங்கே போவான், அவனைக் குறை சொல்ல முடியாது. விளைவு, ஒரு விளையாட்டை லினக்ஸுக்கு மாற்றுவது என்றால் அதன் படம் வரையும் பகுதியையே திரும்ப எழுதுவது என்று ஆகிவிட்டது. ஆட ஆளில்லாததால் விளையாட்டு வரவில்லை, விளையாட்டு வராததால் ஆட ஆள் வரவில்லை. கோழியா முட்டையா கதைதான்.

கார்டு டிரைவர்கள் இன்னொரு தலைவலி. என்விடியா டிரைவர் கொடுத்தது, ஆனால் மூடிய பெட்டியாக. அதில் கடுப்பாகி 2012-ல் பின்லாந்தில் ஒரு மேடையில் டோர்வால்ட்ஸ் என்விடியாவுக்கு நடுவிரல் காட்டியது உலகப் பிரசித்தம். ஏ.டி.ஐ.யை வாங்கிய ஏ.எம்.டி. 2007-ல் கார்டுகளின் தொழில்நுட்ப ஆவணங்களைத் திறந்துவிட முடிவு செய்தது. அதன் பலன் கிடைக்கப் பல வருஷம் ஆனாலும், லினக்ஸில் விளையாட இன்று தைரியமாக ஏ.எம்.டி. கார்டு வாங்கலாம் என்ற நிலைமை அதனால்தான் வந்தது. என்விடியாவும் 2022-ல் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்தது.

துபாஷி வந்தார்

இரண்டு பேருக்கு வெவ்வேறு மொழி என்றால் நம் ஊரில் என்ன செய்தார்கள்? துபாஷி வைத்துக்கொண்டார்கள். புதுச்சேரியில் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்த மாதிரி. லினக்ஸுக்கு வாய்த்த துபாஷியின் பெயர் 'வைன்'.

1993-ல் தொடங்கிய திட்டம். 1994-லிருந்து அலெக்சாந்த்ர் ஜூலியார் என்பவர் தலைமையில் நடக்கிறது. விண்டோஸ் நிரல் "இந்தக் கோப்பைத் திற", "இங்கே ஒரு ஜன்னல் வை" என்று விண்டோஸிடம் கேட்பதை, நடுவில் நின்று லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி சொல்லி, பதிலைத் திரும்ப விண்டோஸ் பாஷையில் கொடுக்கும். மைக்ரோசாஃப்டின் மூல நிரலைப் பார்க்காமல், வெளியிலிருந்து நடத்தையை மட்டும் கவனித்து எழுதியது. 1.0 பதிப்பு வெளிவந்தது 2008 ஜூனில். எண்ணிப் பாருங்கள், 15 வருஷம். நம் ஊர் மேம்பாலங்கள் பரவாயில்லை :-)

இதற்கு நடுவே ஒரு வழக்குக் கதையும் உண்டு. டிரான்ஸ்கேமிங் என்ற கம்பெனி வைன் நிரலை எடுத்து, டைரக்ட்எக்ஸ் ஆதரவைத் தானே சேர்த்து, மாதச் சந்தாவுக்கு விற்றது. பின்னாளில் அதன் பெயர் செடேகா. அன்றைய வைன் உரிமம் எடுத்தவர் எதையும் திருப்பித் தரக் கட்டாயப்படுத்தவில்லை. வைன் குழுவுக்கு இது உறுத்தியது. 2002 மார்ச்சில் உரிமத்தை எல்.ஜி.பி.எல்.லுக்கு மாற்றினார்கள். அதாவது, பயன்படுத்து, விற்றுக்கொள், ஆனால் வைன் நிரலில் நீ செய்த திருத்தத்தைப் பொதுவில் வை. செடேகா 2011-ல் முடிவுக்கு வந்தது. வைன் வளர்ந்துகொண்டே போனது. கோட்வீவர்ஸ் என்ற கம்பெனி திருத்தங்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே அதே நிரலை விற்றும் பிழைக்கிறது. உரிமத்தில் ஒரு பத்தி எவ்வளவு தூரம் விதியை மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வியாபாரியின் பயம்

2010 மே மாதம் 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்று ஒன்று வந்தது. சில சின்ன விளையாட்டுகள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும். விரும்பிய விலையைக் கொடுக்கலாம். சராசரியாக அதிகம் கொடுத்தவர்கள் லினக்ஸ்காரர்கள்! "ஓசிக் கூட்டம்" என்று பேர் வாங்கியிருந்த கூட்டம் விண்டோஸ்காரர்களைவிட அதிகமாகக் கொடுத்தது. லினக்ஸ்காரன் காசு கொடுக்க மாட்டான் என்ற தொழில்துறைப் புராணத்துக்கு முதல் அடி அதுதான்.

ஆனால் நிலைமையை மாற்றியது நல்ல மனசு இல்லை, பயம். 2012-ல் விண்டோஸ் 8 மைக்ரோசாஃப்டின் சொந்தக் கடையோடு வந்தது. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் கம்பெனியின் தலைவர் கேப் நியூவெல், மைக்ரோசாஃப்டிலேயே 13 வருஷம் வேலை பார்த்தவர், விண்டோஸ் 8 ஒரு பேரழிவு என்று வெளிப்படையாகச் சொன்னார். இயங்குதளக்காரனே கடை போட்டால் அடுத்தவன் கடை என்னாகும் என்ற கவலை அவருக்கு. வாடகைக் கடைக்காரனுக்கு, கட்டட முதலாளி கீழ்த்தளத்தில் அதே வியாபாரம் தொடங்கினால் வருமே, அந்தக் கவலை.

லினக்ஸ் வேலையும் நடந்துகொண்டிருந்தது. 2012 ஆகஸ்டில் வால்வ் ஒரு கணக்கு வெளியிட்டது. 'லெஃப்ட் 4 டெட் 2' விளையாட்டு லினக்ஸில் முதலில் நொடிக்கு 6 ஃபிரேம்தான் ஓடியது. சரிசெய்த பிறகு 315. அதே மெஷினில் விண்டோஸ் 7-ல் 270.6. மெனக்கெட்டால் லினக்ஸில் வேகமாகவே ஓடும் என்று அன்றைக்கு நிரூபணமானது. 2013 பிப்ரவரி 14 அன்று லினக்ஸுக்கு ஸ்டீம் வந்தது.

அதற்கப்புறம் ஒரு பெரிய சறுக்கல். 2015 நவம்பரில் 'ஸ்டீம் மெஷின்' என்று பல கம்பெனிகள் லினக்ஸ் விளையாட்டுப் பெட்டிகளை விற்றன. கடை திறந்தாச்சு, சரக்கு இல்லை. ஆட விரும்பிய பெரிய விளையாட்டுகள் லினக்ஸுக்கு வரவில்லை. பெட்டி போணியாகவில்லை. லோக்கி கற்ற பாடத்தை வால்வ் திரும்பக் கற்றது: விளையாட்டுக் கம்பெனிகளைக் கெஞ்சி லினக்ஸ் பதிப்பு வாங்குவது நடக்காத காரியம்.

ஆகவே வால்வ் துபாஷியிடம் வந்தது. 2016-ல் வல்கன் என்ற புது கிராஃபிக்ஸ் மொழி வந்திருந்தது. பிலிப் ரெபோலே என்ற இளைஞர், தனக்கு 'நியர்: ஆட்டோமேட்டா' ஆட வேண்டும் என்பதற்காக டைரக்ட்எக்ஸை வல்கனாக மொழிபெயர்க்கும் டி.எக்ஸ்.வி.கே. என்ற நிரலை எழுதிக்கொண்டிருந்தார். வால்வ் அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. கோட்வீவர்ஸையும் சேர்த்துக்கொண்டது. வைன், டி.எக்ஸ்.வி.கே. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 2018 ஆகஸ்டில் 'புரோட்டான்' என்று வெளியிட்டது. விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் கிளிக் செய்தால் ஓடும். 2022 பிப்ரவரியில் லினக்ஸில் ஓடும் 'ஸ்டீம் டெக்' என்ற கைப்பெட்டி விற்பனைக்கு வந்தபோது, பல விளையாட்டுக் கம்பெனிகள் தாமாகவே "எங்கள் விளையாட்டு அதில் ஓடுமா" என்று பார்க்கத் தொடங்கின. ஸ்டீமின் மாதக் கணக்கெடுப்பில் பல வருஷம் 1 சதவீதத்தைச் சுற்றியே கிடந்த லினக்ஸ், 2025 அக்டோபரில் 3 சதவீதத்தைத் தாண்டியது. அடுத்த மாதமே வால்வ் புதிய ஸ்டீம் மெஷினை அறிவித்தது. இந்த முறை சரக்கு இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லோக்கி காலத்து 'அசல்' லினக்ஸ் பதிப்புகளை இன்றைய லினக்ஸில் ஓட்டுவது பெரும்பாடு. அவை நம்பியிருந்த பழைய நூலகங்கள் காலாவதியாகிவிட்டன. அதே விளையாட்டின் விண்டோஸ் பதிப்பு வைனில் பல சமயம் ஒழுங்காக ஓடிவிடும்! லினக்ஸில் வெகுநாள் நிலைத்து நிற்கக்கூடிய நிரல் வடிவம் விண்டோஸ் நிரல்தான் என்று லினக்ஸ்காரர்களே ஜோக் அடிப்பார்கள். ஜோக் இல்லை, பாதி உண்மை. அதனால் "லினக்ஸுக்கென்றே எழுதினால்தான் ஏற்பேன்" என்று அடம்பிடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

வாட்ச்மேனுக்கு வீட்டுச் சாவி

ஆக, "கேம் ஓடுமா?" என்ற கேள்விக்குத் தொழில்நுட்பப் பதில் வந்துவிட்டது. பெரும்பாலும் ஓடும். ஓடாதவற்றில் கணிசமானவை ஓட முடியாததால் ஓடாமல் இல்லை. ஓட விடாததால் ஓடவில்லை.

ஆன்லைன் போட்டி விளையாட்டுகளில் கள்ள ஆட்டம் நிஜமான பிரச்சினை. சுவருக்குப் பின்னால் இருப்பவனைப் பார்க்கும் நிரல், தானாகக் குறிபார்க்கும் நிரல் எல்லாம் காசுக்குக் கிடைக்கின்றன. பத்துப் பேர் ஆடும் இடத்தில் ஒருவன் இதைப் போட்டால் ஒன்பது பேரின் மாலைப்பொழுது பாழ். அதைத் தடுக்கும் காவல் நிரல்கள் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

கேள்வி, அந்தக் காவலாளிக்கு எவ்வளவு உரிமை என்பது. நம் அபார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேன் பேர் கேட்டு எழுதிக்கொள்வது ஒன்று. "உங்கள் வீட்டுச் சாவி, பீரோ சாவி இரண்டும் என்னிடம் இருக்க வேண்டும், நீங்கள் தூங்கும்போதும்" என்று கேட்பது வேறொன்று. கெர்னல் மட்டத்தில் இயங்கும் காவல் நிரல் கேட்பது இரண்டாவது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் கருவறை. அங்கே போனவருக்கு எல்லாமே தெரியும், எதையும் கவிழ்க்கலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக்கின் பாதுகாப்பு நிரலில் ஒரு தவறான புதுப்பிப்பு வந்து, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன, விமானங்கள் நின்றன. அதுவும் கருவறைக்குள் அனுமதிக்கப்பட்ட நிரல்தான். விளையாட்டு நிரல் இல்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

வைன், புரோட்டான் வழியாக லினக்ஸில் இந்தச் சாவியைக் கொடுக்கும் ஏற்பாடு கிடையாது. அதோடு, லினக்ஸ் கெர்னலை யார் வேண்டுமானாலும் மாற்றிக் கட்டலாம் என்பதால் காவல் நிரலால் அதை முழுசாக நம்பவும் முடியாது. இது கம்பெனிகள் பக்கத்து நியாயம், அதை மறுக்க முடியாது. ஆனாலும் 2021 செப்டம்பரில் 'ஈஸி ஆண்டி-சீட்', 'பேட்டில்ஐ' என்ற இரண்டு பெரிய காவல் நிரல்களும் புரோட்டானில் ஓட வழி வந்தது. விளையாட்டுக் கம்பெனி சம்மதித்தால் போதும். சிலர் சம்மதித்தார்கள். எபிக் கம்பெனி 'ஃபோர்ட்நைட்'டுக்கு மாட்டேன் என்றது. 'ராக்கெட் லீக்' 2020 மார்ச்சிலேயே லினக்ஸ், மேக் ஆட்டக்காரர்களின் ஆன்லைன் ஆட்டத்தை நிறுத்தியிருந்தது, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' 2024 மே மாதம் கெர்னல் காவலைக் கொண்டுவந்தபோது, வைனில் அதுவரை ஆடியவர்கள் வெளியே நின்றார்கள். 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' 2024 அக்டோபர் 31 அன்று லினக்ஸை மொத்தமாகத் தடுத்தது. கள்ள ஆட்டக்காரர்கள் லினக்ஸ் வழியாக வருகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம்.

என் கருத்து இதுதான். கள்ள ஆட்டத்தைக் கண்டுபிடிக்க சர்வர் பக்கமே நிறையச் செய்யலாம். எதிரி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும்போது அவன் இருப்பிடத்தை ஆட்டக்காரனின் மெஷினுக்கு அனுப்பாமல் இருக்கலாம். மனிதக் கையால் முடியாத குறியை ஆட்டப் பதிவுகளிலிருந்து கண்டுபிடிக்கலாம். இதற்கெல்லாம் சர்வர் செலவும் ஆள் செலவும் உண்டு. எல்லாக் கள்ளத்தையும் அது பிடிக்காது என்பதும் நிஜம். ஆனால் அந்தச் செலவில் ஒரு பங்கை மிச்சம் பிடிக்க, காவலை நம் வீட்டுக் கருவறைக்குள் உட்கார வைப்பது நியாயமான பேரமாக எனக்குத் தோன்றவில்லை. கெர்னல் காவல் இருக்கும் விண்டோஸிலும் கள்ள ஆட்டம் ஒழிந்துவிடவில்லையே.

வாங்கியதா, வாடகையா?

இது எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. பையன் தன் பிறந்தநாள் காசைச் சேர்த்து ஒரு விளையாட்டு வாங்கினான். பெயர் வேண்டாம். லினக்ஸில் மாதக்கணக்கில் நன்றாகவே ஓடியது. கோயம்புத்தூரில் இருக்கும் பெரியப்பா பையனோடு ராத்திரி எட்டரைக்குச் சேர்ந்து ஆடுவார்கள். ஆட்டத்தைவிட பேச்சுதான் அதிகம். இங்கே பள்ளிக்கூடத்தில் மராத்தி, தெருவில் ஹிந்தி, வகுப்பில் இங்கிலீஷ் பேசுகிற பையன், முழுசாக ஒரு மணி நேரம் தமிழில் சண்டை போடுவது அப்போது மட்டும்தான். தங்கமணியே "ஆடட்டும் விடுங்க" என்று விட்டுவிட்டாள். ஒரு நாள் அப்டேட் வந்தது, விளையாட்டு திறக்கவில்லை. இனிமேல் இந்த இயங்குதளத்தில் அனுமதியில்லை என்று ஒரு வரி. பணம் கேட்டு எழுதினேன். விதிமுறைப்படி நீங்கள் வாங்கியது அனுமதி மட்டுமே, அதை மாற்ற எங்களுக்கு உரிமை உண்டு என்று பவ்யமாகப் பதில் வந்தது.

"அப்பா, நாமதானே காசு கொடுத்து வாங்கினோம்?" என்றான். சட்டப்படி சரியான பதில், "இல்லைப்பா, வாங்கலை." அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் சொன்னேன், தெரிந்துகொள்ளட்டும் என்று.

இது லினக்ஸ்காரன் பிரச்சினை மட்டும் இல்லை. யூபிசாஃப்ட் 2014-ல் விற்ற 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டை 2024 மார்ச் 31 அன்று சர்வரை மூடி நிறுத்தியது. தனியாக ஆடுகிற பகுதியும் சர்வர் இல்லாமல் ஓடாது. விண்டோஸில், காசு கொடுத்து, ஒழுங்காக வாங்கியவர்கள் கையிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. அதிலிருந்துதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கிளம்பியது. ஐரோப்பாவில் அதன் மனுவுக்கு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்து தாண்டியது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், டிஜிட்டலாக விற்பவர்கள் 'நீங்கள் வாங்குவது உரிமம்தான்' என்று வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

இப்போது டூமை நினைத்துப் பாருங்கள். 1993-ல் வந்த விளையாட்டு. கம்பெனி பல கை மாறிவிட்டது. விளையாட்டு இன்னும் எந்த மெஷினிலும் ஓடுகிறது, யாரும் நிறுத்த முடியாது. 'தி க்ரூ' பத்து வருஷத்தில் காணாமல் போனது. நடுவில் தொழில்நுட்பம் பின்னால் போகவில்லை, பழக்கம்தான் மாறிப்போனது.

வால்வுக்கும் நான் பல்லக்கு தூக்கவில்லை. புரோட்டான் திறந்த நிரல். ஆனால் ஸ்டீம் மூடிய கடை, அங்கே வாங்குவதும் உரிமம்தான். இன்றைக்கு லினக்ஸ் விளையாட்டு கிட்டத்தட்ட ஒரே கம்பெனியின் தயவில் நிற்கிறது. பயத்தில் வந்தவர்கள் பயம் தெளிந்தால் போய்விடலாம். ஒரே ஆறுதல், அவர்கள் காசு கொடுத்து எழுத வைத்த நிரலில் பெரும்பகுதி பொதுவில் இருக்கிறது. லோக்கி போனபின் எஸ்.டி.எல். நின்ற மாதிரி அதுவும் நிற்கும்.

நம் வீட்டுக் கணக்கு

குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதிலிருந்து என்ன? 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நல்ல நிலையில் இருந்தும் விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்கள் நம் வீடுகளில் தூங்குகின்றன. காயலான் கடைக்குப் போடும்முன் லினக்ஸ் போட்டுப் பாருங்கள். சின்னக் குழந்தைகள் என்றால் 'ஜிகாம்ப்ரி', 'டக்ஸ் பெயிண்ட்' போதும். பக்கத்து கேரளத்தில் அரசுப் பள்ளிக் குழந்தைகள் பல வருஷமாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள், அவர்கள் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு 'சூப்பர்டக்ஸ்கார்ட்', 'ஓப்பன்டிடிடி', 'பேட்டில் ஃபார் வெஸ்னாத்' எல்லாம் இலவசம், திறந்தவை, விளம்பரம் இல்லாதவை. தனியாக ஆடும் பெரிய விளையாட்டு வாங்குவதென்றால், கார்டுக்கு ஏற்றபடி, பெரும்பாலும் பயமில்லை. ஆன்லைன் போட்டி விளையாட்டு என்றால் மட்டும் வாங்கும்முன் 'புரோட்டான்டிபி' தளத்தில் மற்றவர்கள் அனுபவத்தைப் பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்லிக் கொடுங்கள். எதையாவது வாங்கும்முன் "இது ஓடுமா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இதை யார் நிறுத்த முடியும்?" என்றும் கேட்கட்டும். விளையாட்டில் தொடங்குகிற இந்தப் பழக்கம் பாட்டு, புத்தகம், படம், நாளைக்கு வாங்கப்போகிற கார் வரைக்கும் உதவும்.

பி.கு.: பெரியப்பா பையனும் என் பையனும் இப்போது ஒரு திறந்த நிரல் விளையாட்டுக்கு மாறிவிட்டார்கள். சர்வர் எங்கள் வீட்டுப் பழைய மெஷினிலேயே ஓடுகிறது. கரண்ட் போனால்தான் ஆட்டம் நிற்கும். சண்டை பழையபடி தமிழில்தான் :-)